லிமிடெட் எடிஷன் குரோனோகிராஃப் வாட்ச் சேகரிப்பது எப்படி: கோயம்புத்தூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளாப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே எல்லா வண்டிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி விரட்டுவதில்லை. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் அளந்து, ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டு, யார் குறைந்த நேரத்தில் கடந்தார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். மாடு ஓடுவது பாதிப் பந்தயம்தான். மீதிப் பாதி ஸ்டாப் வாட்சில் நடக்கிறது.

1821-ல் பாரிஸில் நடந்த குதிரைப் பந்தயத்திலும் இதே தேவைதான் இருந்தது. நிக்கோலா ரியூசெக் என்ற கடிகாரக்காரர் ஒரு கருவி கொண்டுவந்தார். குதிரை எல்லைக் கோட்டைத் தாண்டும்போது பொத்தானை அழுத்தினால், சுழலும் டயலில் ஒரு பொட்டு மை விழும். அந்தப் பொட்டைப் பார்த்து நேரம் சொல்லிவிடலாம். காலத்தை எழுதுவது என்ற பொருளில் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘குரோனோகிராஃப்’ என்று பெயர் வந்தது இப்படித்தான். இன்றைக்குக் குரோனோகிராஃப், சுருக்கமாகக் குரோனோ, என்றால் ஸ்டாப் வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரம். எந்தக் குரோனோவும் எதையும் எழுதுவதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. (லூயி முவானே 1816-லேயே வானியல் வேலைக்காக இதைவிட நுட்பமான ஒன்றைச் செய்துவைத்திருந்தார் என்பது 2013-ல்தான் வெளியே வந்தது. முதல் ஆள் யார் என்ற வழக்கு கடிகார உலகத்திலும் உண்டு.)

பழைய குரோனோகிராஃப்களின் சாயலில், எண்ணிக்கை குறைத்து வெளியிடும் புது வாட்ச்களைச் சேர்ப்பது பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எட்டு வருடமாக இந்தப் பைத்தியம் எனக்கு இருக்கிறது. கையில் இருப்பது ஆறே ஆறு. விற்றது நாலு. ஏமாந்தது ஒன்று, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நாலு வார்த்தை

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ‘விண்டேஜ் ஸ்டைல்’ என்ற ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். நாம் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனம் தன்னுடைய பழைய வாட்சைத் தானே திரும்பச் செய்தால் அது மறுபதிப்பு. பழைய காலத்து அழகை எடுத்துக்கொண்டு, எந்த ஒரு வாட்சையும் அப்படியே பிரதி எடுக்காமல் புதிதாக வரைந்தால் அது சாயல். டேன் ஹென்றி, பால்டிக் போன்ற சின்ன நிறுவனங்கள் செய்வது இது. இன்னொருவரின் வாட்சை அச்சு அசலாகச் செய்து, தன் பெயரைப் போட்டு விற்றால் நகல். அடுத்தவர் பெயரையே போட்டு விற்றால் போலி. முதல் இரண்டையும் தாராளமாகச் சேர்க்கலாம். நகல் உங்கள் மனசாட்சிக்கு விட்டது, நான் வாங்குவதில்லை. போலி வேண்டவே வேண்டாம்.

படி 1: வாட்சுக்கு முன்னால் அதன் பாட்டனைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராக விலையையும் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். பெண் பார்க்கப் போனால் கூட்டம், குலம் விசாரிக்கிற ஊர் நம்முடையது. அந்தப் பழக்கத்தில் எனக்குப் பல வருத்தங்கள் உண்டு. ஆனால் வாட்ச் விஷயத்தில் அது நல்ல பழக்கம். இது எந்தப் பழைய வாட்சின் வம்சம், அது எதற்காகச் செய்யப்பட்டது, யார் கட்டினார்கள் என்று தெரிந்த பிறகுதான் பணத்தைத் தொட வேண்டும்.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1957-ல் வந்தபோது அது கார் பந்தயக்காரர்களுக்கான வாட்ச். அதனால்தான் வேகம் கணக்கிடும் டாக்கிமீட்டர் அளவைக் கண்ணாடியைச் சுற்றி வெளி வளையத்தில் வைத்தார்கள். நாசா பல வாட்ச்களை வெப்பத்திலும் குளிரிலும் அதிர்விலும் போட்டுப் பார்த்து, 1965 மார்ச்சில் இதைத் தேர்ந்தெடுத்தது. 1970-ல் அப்போலோ 13 பழுதானபோது, திரும்பும் வழியில் 14 விநாடி மட்டும் எஞ்சினை இயக்க வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியை அளந்தது இந்த வாட்ச்தான். இது தெரிந்தால், 2015-ல் வந்த சில்வர் ஸ்னூப்பி பதிப்பு ஏன் 1,970 எண்ணிக்கையில் வந்தது, அதன் டயலில் 14 விநாடி ஏன் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பது புரியும். தெரியாதவருக்கு அது ஒரு நாய்க்குட்டி பொம்மை போட்ட வாட்ச், அவ்வளவுதான்.

1969 இன்னொரு சுவையான வருடம். தானே சாவி ஏறும் குரோனோவை யார் முதலில் செய்வது என்று மூன்று அணிகள் ஓடின. ஸெனித் ஜனவரியிலேயே எல் பிரிமேரோ என்ற இயந்திரத்தை அறிவித்தது. மார்ச்சில் ஹாயர், பிரைட்லிங் கூட்டணி காலிபர் 11-ஐக் காட்டியது. சீகோ சத்தமில்லாமல் 6139-ஐச் செய்து, அதே வருடம் ஜப்பானில் விற்கவே தொடங்கிவிட்டது. யார் முதல் என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. அந்தச் சீகோவில் ஒன்றைத்தான் விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-ல் ஸ்கைலேப் நிலையத்துக்குக் கட்டிக்கொண்டு போனார். மஞ்சள் டயல் போட்ட அந்த வகைக்கு ‘போக்’ என்றே பெயராகிவிட்டது.

எனக்குப் பிடித்த வம்சம் எளியது. 1961-ல் சீன அரசு தன் விமானப் படைக்காக ஒரு குரோனோ வேண்டும் என்று தியான்ஜின் தொழிற்சாலையிடம் கேட்டது. ஸ்விட்சர்லாந்தின் வீனஸ் 175 என்ற இயந்திரத்தைச் செய்யும் கருவிகளை வாங்கி, அதிலிருந்து தங்களுடையதை உருவாக்கினார்கள். இன்று ‘1963’ என்ற பெயரில், வெளிர் மஞ்சள் டயலும் சிவப்பு நட்சத்திரமும் நீல முட்களுமாக விற்பது அதன் மறுபதிப்பு. ஒன்று கவனியுங்கள்: சீ-கல் (அந்தத் தியான்ஜின் தொழிற்சாலையின் இன்றைய பெயர்) இயந்திரத்தை வாங்கிப் பூட்டி, அதே டயலோடு பலரும் விற்கிறார்கள். ‘ஒரிஜினல் 1963’ என்று யாராவது அழுத்திச் சொன்னால், எந்தப் பட்டறை பூட்டியது என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒரே ஒரு வம்சத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் படித்தால் போதும். பழைய வாட்ச்களின் ஏலப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முள்ளின் வடிவம், சப்-டயல்களுக்கு (பெரிய டயலுக்குள் இருக்கும் சின்ன வட்டங்கள்) இடையிலான தூரம், எழுத்தின் தடிமன் எல்லாம் கண்ணில் படியும். அப்புறம் ஒரு மறுபதிப்பைப் பார்த்தவுடனே ‘இதில் தேதி ஜன்னலை ஏன் திணித்தான்’ என்று கோபம் வரும். அந்தக் கோபம் வந்துவிட்டால் வாங்கத் தயார் என்று அர்த்தம்.

படி 2: உள்ளே ஓடுவது என்ன

மூன்று வகை போதும். சாவி கொடுப்பது, கை அசைவில் தானே ஏறுவது, பாட்டரியில் ஓடுவது.

பாட்டரி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சீகோவின் வி.கே. வரிசை இயந்திரங்களில் நேரம் பாட்டரியில் ஓடும். குரோனோ பகுதி மட்டும் பழைய நெம்புகோல் முறையில் வேலை செய்யும். பொத்தானை அழுத்தினால் முள் விநாடிக்கு ஐந்து அசைவாக வழுக்கிப் போகும், நிறுத்திவிட்டுக் கீழ்ப் பொத்தானை அழுத்தினால் சட்டென்று 12-க்கு வந்து நிற்கும். இதை மெக்கா-குவார்ட்ஸ் என்கிறார்கள். முதல் வாட்சாக இதைத்தான் சொல்வேன். இயந்திரம் கெட்டால் முழுதாக மாற்றிவிடலாம், அதிகச் செலவில்லை.

சாவி கொடுக்கும் வகையிலும் தானே ஏறும் வகையிலும் ‘காலம் வீல்’ என்ற சொல் அடிக்கடி வரும். தமிழில் எழுதினால் காலச்சக்கரம் போலத் தோன்றுகிறது, எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அது தூண் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல். கோட்டை மதில் மாதிரி சின்னச் சின்னத் தூண்கள் எழும்பிய ஒரு சக்கரம், ஓடு, நில், பூஜ்யத்துக்குப் போ என்று நெம்புகோல்களுக்குக் கட்டளை கொடுக்கிறது. பொத்தான் வெண்ணெய் மாதிரி அழுந்தும். இன்னொன்று கேம் முறை, அதில் தூண் சக்கரத்துக்குப் பதில் மேடுபள்ளமான ஒரு தகடு அந்தக் கட்டளைகளைக் கொடுக்கிறது. 1970-களில் வந்து இன்றும் உலகமெங்கும் ஓடும் வால்ஜூ 7750 இந்த வகை. அழுத்தம் கொஞ்சம் முரடு, ஆனால் உழைக்கும். அந்த இயந்திரம் மட்டுமே 7.9 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் வாட்ச் மொத்தையாக இருக்கும். முழுக்கைச் சட்டை போடுகிறவர்கள் வாங்குமுன் கையில் மாட்டி, சட்டைக் கையை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

கடையில் இதைச் செய்து பாருங்கள்: குரோனோவை ஓடவிடுங்கள். முள் கிளம்பும்போது கொஞ்சம் துள்ளினால் பரவாயில்லை, பல நல்ல இயந்திரங்களின் சுபாவமே அது. நிறுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரிய முள் மிகச் சரியாக 12-ன்மேல் நிற்க வேண்டும். பத்து முறை செய்யுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு, நிமிடக் கணக்கு முள் ஒழுங்காக நகர்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: ‘லிமிடெட்’ என்றால் எவ்வளவு லிமிடெட்?

இந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: பழைய வாட்சின் வருடம் எதுவோ, எண்ணிக்கையும் அதுவே. ஹாமில்டன் இன்ட்ரா-மேட்டிக் 68 வந்தது 1,968. டிசோ ஹெரிடேஜ் 1973 வந்தது 1,973. 1959 நேவிடைமரைப் பிரைட்லிங் திரும்பச் செய்தபோது 1,959. டேன் ஹென்றி தன் 1962 மாடலை 1,962 தான் செய்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த எண்ணுக்கும் எத்தனை பேர் வாங்க வருவார்கள் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டாயிரம் வாட்ச் என்பது கேட்பவர் குறைவாக இருந்தால் வெள்ளமாகத் தேங்கிக் கிடக்கும், கூடுதலாக இருந்தால் கண்ணிலேயே படாது. 2017-ல் ஒமேகா ‘ஸ்பீடி டியூஸ்டே’ என்று 2,012 வாட்ச்களை இணையத்தில் விட்டது. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலில் எல்லாமே முடிந்துவிட்டது.

மறுபக்கத்துக்கு ஹாமில்டனையே பார்க்கலாம். 2017-ல் 42 மில்லிமீட்டரில் அந்த 1,968 வாட்ச்களை விற்றது. அடுத்த வருடமே 40 மில்லிமீட்டரில், எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல், ஏறக்குறைய அதே முகத்தோடு இன்னொன்று வந்தது. அளவு பலருக்கும் முன்னதைவிடப் பொருத்தம். முதலில் அடித்துப்பிடித்து வாங்கியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஆகவே ‘இன்றே கடைசி’ என்று எவன் சொன்னாலும் ஒரு வாரம் பொறுங்கள். போனால் போகட்டும். இதே முகத்தில் இன்னொன்று வரும்.

ஒரு சின்ன நுணுக்கம்: முதுகில் ‘1,968 வாட்ச்களில் ஒன்று’ என்று மட்டும் பொறித்திருப்பதும், ‘0412/1968’ என்று தனி எண் பொறித்திருப்பதும் வேறு வேறு. தனி எண் இருந்தால் பெட்டி, அட்டை, வாட்ச் மூன்றையும் பொருத்திப் பார்க்கலாம். பின்னால் விற்கும்போது அது கைகொடுக்கும்.

படி 4: காசு

மெக்கா-குவார்ட்ஸ் சாயல் வாட்ச்களும் சீன 1963-ம் பத்தாயிரங்களில் முடிந்துவிடும். 7750 குடும்பத்து ஸ்விஸ் மறுபதிப்புகள் லட்சத்தைத் தாண்டும். ஸ்பீட்மாஸ்டர் பக்கம் போனால் பல லட்சம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் தபால்காரர் கையில் வரும் சீட்டைப் பார்த்து மயங்கி விழாமல் இருக்க, சுங்க வரியையும் அதன்மேல் வரும் ஜி.எஸ்.டி.யையும் முன்கூட்டியே கூட்டிக்கொள்ளுங்கள். இந்தியாவில் வாட்சுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், ஸ்விஸ் வாட்சுகளின் சுங்க வரி படிப்படியாக இறங்குகிறது. அவசரம் இல்லாதவர்களுக்கு இது நல்ல சேதி. இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள், அந்தத் தொகைக்கு ரொக்கம் வாங்கவும் சட்டம் இடம் தராது. பத்து லட்சத்தைத் தாண்டினால் கடையிலேயே 1 சதவீதம் வரி பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

நான் சீட்டுப் போட்டு வாங்குகிறேன். மாதம் ஒரு தொகை, எடுக்கும் மாதத்தில் வாட்ச். கடன் அட்டைத் தவணையில் ஒரு முறை வாங்கிப் பார்த்தேன், ஒவ்வொரு மாதமும் அந்த வாட்சைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று.

முதலீடு என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். என் அம்மா முதல் வாட்சைப் பார்த்துவிட்டு, “அந்தக் காசுக்கு ஒரு ஜோடி தோடு எடுத்திருந்தா ஆத்திர அவசரத்துக்கு ஆகுமே கண்ணு” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, இன்றும் இல்லை. தோட்டை அடகுக்கடையில் வைக்கலாம். 1,962-ல் 804-வது வாட்ச் என்று சொல்லி வைக்க முடியாது.

படி 5: வாங்குமுன் வாட்ச்காரரைத் தேடுங்கள்

இந்தப் படியைத்தான் நான் தாண்டிப் போனேன். மூன்று வருடம் முன்பு வேறு ஊர் விற்பனையாளர் ஒருவரிடம் பெட்டி, அட்டையோடு ஒரு லிமிடெட் எடிஷன் வாங்கினேன். அனுப்பிய வீடியோவில் வாட்ச் அழகாக ஓடியது. குரோனோவை மட்டும் அவர் ஓடவிட்டுக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கைக்கு வந்ததும் அழுத்தினேன். முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் இரண்டு விநாடி தள்ளி நின்றது. முதுகில் ஒரு எண், அட்டையில் வேறு எண். யாரோ இரண்டு வாட்ச்களின் பொருட்களைக் கலந்திருக்கிறார்கள். விற்றவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஏனுங்ணா, சரி பண்ணிரலாங்களா?”

“முள்ளு யாரோ புடுங்கி மறுபடி மாட்டியிருக்காங்க கண்ணு. அதைச் சரி பண்ணிரலாம். நம்பருக்கு நா என்ன பண்றது? வாங்கறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணியிருக்கலாமல்ல.”

அதிலிருந்து அவரிடம் கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. சாதாரண வாட்சைச் சர்வீஸ் செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. குரோனோவைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள் குறைவு. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டுதான்: ‘இந்த இயந்திரத்தைப் பிரித்திருக்கிறீர்களா? உதிரிபாகம் கிடைக்குமா?’ 7750-க்கும் சீ-கல் இயந்திரத்துக்கும் பெரும்பாலும் ஆம் என்று பதில் வரும். நிறுவனத்தின் சொந்த இயந்திரம் என்றால் அவர்களுடைய சர்வீஸ் மையத்துக்கே போக வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்று வைத்து, அந்தச் செலவையும் வாங்கும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

மறுபதிப்பு போதாது, அசல் பழசே வேண்டும் என்று ஆசை வந்தால் இன்னும் கவனம். ஃபேவர் லூபா போன்ற பழைய ஸ்விஸ் பெயர்களில் புது டயல் அச்சடித்து, பளபளவென்று சாயம் பூசி இணையத்தில் விற்பவை ஏராளம். ‘பம்பாய் ஸ்பெஷல்’ என்று சேகரிப்பாளர்கள் கேலி செய்வது இவற்றைத்தான். அறுபது வருட வாட்சின் டயல் நேற்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி மின்னினால் தள்ளி நில்லுங்கள்.

படி 6: நம் ஊரில் வைத்துக்கொள்வது

கோவையில் இயந்திர வாட்சுக்கு முதல் எதிரி காந்தம். மோட்டார், பம்ப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். காந்தம் ஏறிய வாட்ச் ஒரே நாளில் பல நிமிடம் முந்தி ஓடும். பழுது என்று பயந்து பிரிக்கக் கொடுக்காதீர்கள். போனில் இருக்கும் திசைகாட்டியின் அருகே வாட்சைக் கொண்டுபோங்கள், முள் தடுமாறினால் காந்தம்தான். அதை நீக்கும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒரு நிமிட வேலை.

திருப்பூர், பல்லடம் பக்கம் மில்லில் இருப்பவர்களுக்குப் பஞ்சுத் தூசி. பொத்தான் இடுக்கில் சேர்ந்துவிடும், மெல்லிய தூரிகையால் வாரம் ஒருமுறை தட்டிவிட்டால் போதும். தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தவே கூடாது. பல மறுபதிப்புகளில் பழையபடி பிளாஸ்டிக் கண்ணாடி இருக்கும். கீறல் விழுந்தால் கவலை வேண்டாம், அதற்கென்ற பாலிஷ் களிம்பைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் மறையும். சித்திரை வெயிலில் தோல் ஸ்ட்ராப் வியர்வையில் நாறும், அந்த மூன்று மாதத்துக்கு நைலான் பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெட்டியில் பூட்டி வைக்காமல் பயன்படுத்துங்கள். டாக்கிமீட்டர் வைத்து வேகம் பார்க்கலாம்: அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லில் ஓடவிட்டு அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 விநாடி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர், 36 என்றால் 100. ஓட்டுகிறவர் இதைச் செய்யக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யட்டும். டெலிமீட்டர் அளவு உள்ள வாட்ச் இருந்தால் ஐப்பசி மழைக்குக் காத்திருங்கள். மின்னல் கண்ணில் பட்டதும் அழுத்தி, இடி கேட்டதும் நிறுத்தினால், இடி எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று டயலே சொல்லும். ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் நடக்கும் நாளில் போய்ச் சுற்று நேரம் அளந்து பாருங்கள், இந்த வாட்ச்கள் பிறந்ததே அதற்காகத்தான்.

நான் என்னுடைய 1963-ஐ ஒரு முறை ரேக்ளாவுக்குக் கட்டிக்கொண்டு போனேன். மணிக்கு 21,600 அதிர்வு, அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்குவரைதான் அது அளக்கும். விழாக் கமிட்டிக்காரர் கையில் இருந்த டிஜிட்டல் ஸ்டாப் வாட்ச் நூறில் ஒரு பங்கு காட்டியது. முதல் இரண்டு வண்டிகளும் என் வாட்சில் ஒரே நேரம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அழகா இருக்குதுங்க. ஆனா இதை வெச்சுப் பரிசு குடுத்தா அடிதடியாயிருமுங்க” என்றார்.

படி 7: ஒரு நோட்டுப் புத்தகம்

வாங்கிய தேதி, விலை, வரி, பில், முதுகு எண், அட்டை எண், சர்வீஸ் தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். விற்கும்போதும் திருட்டுப் போனாலும் இதுதான் சாட்சி. வீட்டில் ஒருவருக்காவது நோட்டு இருக்கும் இடமும், எது என்ன விலை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். என் நோட்டில் கடைசியாக இருக்கும் வரி: ‘1963, சாவி இறுக்கமாக இருக்கிறது, டவுன்ஹால் கடையில் கொடுத்தது, தைப் பொங்கல் கழித்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.’